கோழிக்கும் நாய்க்கும் நடுவுல ஒரு பசு

வா பேராண்டி, உட்காரு. அந்தப் பக்கமா உட்காரு, இந்தப் பக்கத்தைப் பூனைக்குப் பட்டா போட்டுக் குடுத்தாச்சி. போனைக் கையில தூக்கிக்கிட்டு ஏரிக்கரையிலேர்ந்து நீ ஓடியார வேகத்தைப் பார்த்து, பாகூர் ஏரிதான் உடைச்சிக்கிச்சோன்னு நெனைச்சன். "நாய் வாங்கணும், யோசனை சொல்லுங்க தாத்தா"ன்னு கேக்கத்தானா இந்த ஓட்டம்?

சரி, உன் தேவையை நானே ஒருதரம் சொல்லிப் பார்க்கிறன். கொல்லையில பன்னெண்டு பெட்டை, ரெண்டு சேவல். ராவுல எதுவோ வந்து ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போவுது. காவலுக்கு நாய் வேணும். கோழியைத் தூக்க வர்றதை அது கடிக்கணும், கோழியைக் கடிக்கக் கூடாது. அதாவது, சாராயக்கடைக்கு ராக்காவல் ஆள் தேடுற. ஆளு கிடைப்பான் பேராண்டி. மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்காத ஆளு கிடைக்கணும், அதுதான் சங்கதி.

கோழியைக் கடிக்கவே கடிக்காத நாய் உலகத்துல ரெண்டே ஜாதி. ரெண்டும் நம்ம புதுச்சேரியிலேயே கிடைக்குது. ஒண்ணு வில்லியனூர் சுடுமண் நாய், இன்னொண்ணு திருக்கனூர் காகிதக்கூழ் நாய். ரெண்டு கைத்தொழிலுக்கும் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. உன் போன்ல இருக்கிற நாய்க்கு அப்படி ஒரு சான்றிதழ் உண்டா? சோறு கேக்காது, குலைக்காது, சேவல் தலைமேல ஏறி நின்னு கூவுனாலும் கண்டுக்காது. என்ன, திருக்கனூர் நாயை மட்டும் ஐப்பசி மழையில வெளியில விட்டுடாத, கஞ்சியாயிடும்.

உசுருள்ளதுதான் வேணும்னா கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு டீ சொல்லு. இது படிப்புக்குப் பேர்போன ஊரு, தெரியுமில்ல? ஒன்பதாம் நூற்றாண்டுலயே இங்க பெரிய கல்விச்சாலை நடந்திருக்குது. அதுக்கு மூணு ஊரை எழுதி வச்ச சேதி நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டுல இருக்குது. நாய் வளர்ப்பு அங்க பாடமா இருந்ததான்னு பார்த்தா, அப்படி ஒண்ணும் எழுதலை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நான் இந்தத் திண்ணையில உட்கார்ந்திருக்கிறன். எனக்கு மூணு ஊரெல்லாம் வேணாம். டீ போதும், இப்போதைக்கு.

போனைக் காட்டு. ஆகா! நீலக் கண்ணு, உடம்பெல்லாம் பஞ்சு. ஹஸ்கியா? சைபீரியாப் பனியில வண்டி இழுத்த பரம்பரையாச்சே. அதைச் சித்திரை மாசத்துல பாகூர்ல கட்டிப்போட்டா ஏசி வைக்கணும். அப்புறம் சேவல் வந்து தனக்கு எங்கன்னு கேக்கும். அதோட, சின்னப் பிராணி எது ஓடினாலும் பின்னாலேயே ஓடுறதுல பேர் வாங்கின ஜாதி அது.

நாய் வாங்கப் போறவன் நிறத்தைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், நீ கண்ணைப் பார்த்து மயங்கியிருக்கிற. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இதோட பாட்டன் என்ன வேலை பார்த்தான்?

லாப்ரடார் சாதுதானேங்கிற. சாதுதான். ஆனா அதோட பாட்டனுக்கு இங்கிலீஷ்காரன் குடுத்த வேலை என்ன? சுட்டு விழுத்தின வாத்தைத் தண்ணியில நீந்திப் போயி, பல்லு பதியாமக் கவ்விக்கிட்டு வர்றது. அதனால உன் கோழியை அது கொல்லாம இருக்கலாம். நாளுக்கு நாலுதரம் உசுரோட தூக்கியாந்து உன் காலடியில வச்சிட்டு, பாராட்டுக்காக வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். கோழி பிழைச்சிக்கும், முட்டை போடுறதைத்தான் விட்டுடும்.

நம்ம தமிழ்நாட்டு ஜாதி? சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பிடிச்ச பரம்பரை. மூக்கை நம்பாம கண்ணை நம்பி ஓடுற நாய். எது ஓடுறது கண்ணுல பட்டாலும் காலு தன்னால கிளம்பிடும். அதுக்குக் கோழின்னா ரெக்கை முளைச்ச முயல், அவ்வளவுதான். ராஜபாளையம் காட்டுப்பன்றியையே எதிர்த்து நின்ன வீரன். 2005ல அஞ்சல்துறை நாலு இந்திய நாய்க்குத் தபால்தலை போட்டுச்சே, அதுல ஒண்ணு. தபால்தலையில ஒட்டியிருக்கிற வரைக்கும் அது ஒரு கோழியையும் தொட்டதில்ல. கோம்பையும் காவலுக்குச் சிங்கம்தான், வேட்டையும் ரத்தத்துல இருக்குது. குட்டியிலேர்ந்து கோழியோடயே வளர்ந்து ஒழுங்கா இருந்த ராஜபாளையத்தையும் நான் பார்த்திருக்கிறன். அது அந்த நாயோட பெருமை. வேட்டைக்காரனைக் கூட்டியாந்து கொல்லைக்குக் கணக்குப்பிள்ளையா வச்சிட்டு, கணக்கு உதைக்குதேன்னு அழுவக்கூடாது.

"குள்ளமா ஒண்ணு வாங்கிக்கிறன், என்னா பண்ணிடும்?"னு நீ நெனைக்கிறது முகத்துலயே தெரியுது. டாஷண்டும் டெரியரும் குள்ளமா இருக்கிறதே வளைக்குள்ள பூந்து உள்ள இருக்கிறதை இழுத்தார்றதுக்குத்தான். உன் கூண்டு அதுக்கு இன்னொரு வளை.

ரேமண்ட் காப்பிங்கர்னு ஒரு அமெரிக்கர், நாயைப் பத்தியே ஆராய்ஞ்சவரு. நாயோட வேட்டையைப் படிப்படியாப் பிரிச்சுச் சொன்னாரு. கவனிக்கிறது, முறைக்கிறது, பதுங்குறது, துரத்துறது, கவ்வுறது, கொல்றது, கிழிக்கிறது, தின்றது. ஓநாய்க்கு இந்தப் படி அத்தனையும் வரிசையா இருக்குது. மனுசன் தன் தேவைக்கு ஒவ்வொரு ஜாதியிலயும் சில படியை உசத்தினான், சில படியை இடிச்சான். ஆடு மடக்குற நாய் முறைக்கும், பதுங்கும், துரத்தும், அதோட நிக்கணும். வாத்து எடுத்தார நாய் கவ்வும், அதோட நிக்கணும். மந்தைக்குக் காவல் படுக்கிற நாய்க்கு ஆரம்பப் படியே ஒழுங்காக் கட்டலை. அதனாலதான் அது ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவுல படுத்துக் குறட்டை விடுது. பேராண்டி, உனக்கு வேணுங்கிறது படியேறச் சோம்பல்படுற நாய். சுறுசுறுப்பான குட்டியா பார்த்துக் குடுங்கன்னு போயிக் கேட்டுடாத. அந்தச் சுறுசுறுப்பு முதல்ல பழகுறது உன் கோழி மேலதான்.

ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல்னு ஒரு கடற்கரை ஊரு. பக்கத்துல குட்டித்தீவு, மிடில் ஐலண்டுன்னு பேரு. அங்க சின்னஞ்சிறு பெங்குவின் ஜாதி ஒண்ணு. கோட்டுப் போட்ட கோழின்னு வச்சிக்கயேன். தண்ணி வத்தினா நரி நடந்தே போயி அடிச்சிடும். 2005ல கணக்கெடுத்தா பத்துகூட மிஞ்சலை. பெரிய பெரிய ஆளெல்லாம் கையைப் பிசைஞ்சிக்கிட்டு நின்னப்ப, யோசனை வந்தது ஒரு கோழிப்பண்ணைக்காரர்கிட்டேர்ந்து. ஸ்வாம்பி மார்ஷ்னு பேரு. தன்னோட கோழிக்கு மரெம்மாங்கிற இத்தாலிக் காவல் நாயை வச்சி நரியை விரட்டிக்கிட்டிருந்தவரு. "கோழியைக் காக்கிற நாய் இதைக் காக்காதா?"ன்னாரு. 2006ல நாயைத் தீவுல விட்டாங்க. பெங்குவின் நூத்துக்கு மேல பெருகிடுச்சி. 2015ல சினிமாவே எடுத்தாங்க. ஆனா 2017ல, கடல் கொந்தளிப்புல நாய் தீவுக்குப் போக முடியாத நேரம் பார்த்து நரி பூந்து நூத்துக்கும் மேல கொன்னுடுச்சி. காவல்காரன் லீவு போட்ட நாளைத் திருடன் நம்மளைவிட நல்லா குறிச்சி வச்சிருப்பான்.

உடனே போன்ல மரெம்மா தேடாத! அது கம்பளி போத்திக்கிட்டுப் பொறந்த நாய். கதையில நீ எடுத்துக்க வேண்டியது ஜாதிப் பேரை இல்ல. கோழியோட வளர்ந்த நாய்க்குக் கோழி, இரையா தெரியாது, வீட்டு ஆளாத் தெரியும். அதைத்தான் எடுத்துக்கணும்.

அதுக்கு ஒரு வயசு இருக்குது. ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு பேரு பல வருஷம் நாய்க்குட்டியை வச்சி ஆராய்ஞ்சி 1965ல புத்தகமே போட்டாங்க. குட்டிக்கு மூணு வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் கண்ணுல படுறதெல்லாம் சொந்தம். அதுக்கப்புறம் பார்க்கிறது அசலூரு. உங்க அப்பன் பக்கத்துல நிக்கிற சித்தப்பன் பெரியப்பனையெல்லாம் உனக்கு எப்பத் தெரிஞ்சது? தொட்டில்லயே தெரிஞ்சது. கல்யாணத்துக்கப்புறம் வந்த மச்சானை இன்னமும் நீ சந்தேகமாத்தானே பார்க்கிற? அதேதான்.

ஆகையினால பணம் குடுத்து ஜாதி வாங்காத. நாட்டு நாய் பாரு. அதுவும் எப்படி? தாய் எந்த வீட்டுலன்னு பாரு. அந்த வீட்டுல கோழி மேயுதான்னு பாரு. தாய் படுத்திருக்கிறப்ப அது வால்மேல கோழி நடந்து போனா, கண்ணைத் திறந்து பார்த்துட்டுத் திரும்ப மூடிக்குதா, அதைப் பாரு. குட்டிக்கு ஏழெட்டு வாரம் ஆனதும், கயித்து நுனியில இறகைக் கட்டித் தரையில இழு. வெறி பிடிச்சி விழுந்து பிராண்டுறதை வாழ்த்திட்டு விட்டுடு. ரெண்டு அடி ஓடிட்டு, "இதுக்கா எழுப்புன?"ன்னு உன் மூஞ்சியைப் பார்க்கிறதை எடு.

கூட்டியார்றதுக்கு முன்ன வீட்டுல சம்மதம் வாங்கு. 1954 அக்டோபர் 18ல கீழூர்ல 178 பேர் ஓட்டுப் போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. பிரெஞ்சுக்காரன் மூட்டையைக் கட்டிட்டான். உன் வீட்டுல நாய் வேணும்னு ஒரே ஒரு ஓட்டு. பன்னெண்டு பெட்டைக்கும் ஓட்டுரிமை குடுத்தா உனக்கு டெபாசிட்டே போயிடும். அதுங்க பேச்சையும் கேளு. எப்படிங்கிற? குட்டி வந்த முதல் வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் குட்டி, இந்தப் பக்கம் கோழி. கோழி அலறாம மேயிறது வரைக்கும் வலையை எடுக்காத. அப்புறம் கயித்துல கட்டிக் கோழிக்கு நடுவுல நடத்து. பார்த்தா பரவாயில்ல, உத்துப் பார்த்துக் கழுத்தை நீட்டினா உடனே திருப்பு. துரத்தவே விடாத. துரத்துறது அதுக்குச் சோத்தைவிட ருசி. ஒருதரம் துரத்தி, கோழி ரெக்கையை அடிச்சிக்கிட்டுக் கத்துனா, அன்னிக்கு அதுக்குத் திருவிழா. மறுநாளும் வில்லியனூர்த் தேர் எப்பன்னு கேக்கும்.

வாத்தியார் வைக்கணும்னா குஞ்சு பொரிச்ச தாய்க்கோழியை வையி, குட்டி கயித்துல இருக்கிறப்பவே. அடைக்கு உட்கார்ந்து இருபத்தோரு நாள் தவமிருந்து வந்தவ. மூக்குலயே ஒரு கொத்து வச்சா, குட்டிக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனா வளர்ந்த நாய்கிட்ட இந்த வாத்தியாரை அனுப்பாத, வாத்தியாரே மதியச் சாப்பாடா ஆயிடுவாங்க. ஒரு வயசு ஒன்றரை வயசு வரைக்கும் நாயை நம்பித் தனியா விடாத, அது விடலைப் பருவம். ரெண்டு நாயா வாங்கி, துணைக்குத் துணைன்னு சொல்லிடாத. ஒத்தையில சாமியாரா இருக்கிறதெல்லாம் ஜோடி சேர்ந்தா என்னா ஆவும்னு நீயே காலேஜ்ல பார்த்திருப்ப.

சாப்பாட்டுக்கு வருவோம். கறிக்கடையிலேர்ந்து கோழிக்குடலும் தலையும் காலும் வாங்கியாந்து, இறகோட நாய்க்குப் போடுறாங்களே, அந்தப் புத்திசாலிங்களைக் கேளு. காலையில தட்டுல கோழி, சாயந்திரம் கொல்லையில கோழி. "தட்டுல வச்சா தின்னு, நடந்து போனா கும்புடு"ன்னு நாய்க்கு யாரு பாடம் எடுக்கிறது? ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்பாங்க. நாய்க்கு உறி எட்டாது, அதனால கூண்டுக்குத் தாவும். உடைஞ்ச முட்டையையும் அது கண்ணெதிர நக்க விடாத. வேகவச்சி, சோத்துல பிசைஞ்சி, முட்டைங்கிற அடையாளமே இல்லாமப் போடு.

இவ்வளவும் பண்ணியும் ஒருநாள் கோழி காணாமப் போவும். உடனே கட்டையை எடுத்துக்கிட்டு நாய்மேல பாயாத, முதல்ல துப்புத் துலக்கு. பட்டப்பகல்ல, கொல்லை முழுக்க இறகு இறைஞ்சி, கோழி தின்னாம கிடந்தா நாய்மேல சந்தேகப்படு, அது விளையாடிட்டுப் போட்டிருக்கும். குஞ்சு மட்டும் மறைஞ்சா ஆகாயத்தைப் பாரு, பருந்தும் காக்காயும். ராவுல கழுத்துல கடிச்சிருந்தா கீரியோ காட்டுப்பூனையோ மரநாயோ. மரநாய்க்குப் பேருலதான் நாய் இருக்குது, அது செய்யிற வேலைக்குப் பழி சுமக்கிறது நிசமான நாய். இறகும் இல்ல, ரத்தமும் இல்ல, சத்தமும் இல்லன்னா? அது ரெண்டு கால் ஜாதி. எங்க வீட்டுலயே ஒரு ஞாயித்துக்கிழமை கருஞ்சேவல் காணோம். நாயைக் கட்டிப் போட்டு ரெண்டு நாள் பட்டினி போட்டன். மூணாம் நாள், பக்கத்து வீட்டுக் குப்பையில என் சேவலோட வால் இறகு. அந்த வீட்டுக்காரர் என்னா சொன்னாரு தெரியுமா? "நாய் சகவாசம் வச்சிக்காதீங்கன்னு அப்பவே சொன்னன்." அன்னிலேர்ந்து கோழி போனா நான் நாயை மோந்து பார்க்கிறதில்ல, பக்கத்து அடுப்படியைத்தான் மோந்து பார்க்கிறன்.

கோழியை மொத்தமா வாரிக்கிட்டுப் போறது நாயும் இல்ல, நரியும் இல்ல. வெள்ளைக்கழிச்சல். ஒரே வாரத்துல கொல்லையைக் காலி பண்ணிடும். முதல் வாரத்துல குஞ்சுக்குக் கண்ணுல மூக்குல சொட்டு, எட்டாவது வாரத்துல ரெக்கையில ஊசி. நாட்டுலயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல நம்ம புதுச்சேரியிலதான் வந்துச்சி. குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்குது. வில்லியனூர் பக்கம் சும்மா சுத்துறப்ப எட்டிப் பார்க்கிறது. நாய்க்கும் மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்புறம் வருஷா வருஷம். ஊசிக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவுதான், நம்மளை ஆண்ட பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் பண்ணின வேலை அது. ஆறிப்போன பழைய கிருமியைக் கோழிக்கு ஏத்துனா நோய் தாங்குதுன்னு 1879, 80 வாக்குல கண்டாரு. அந்த வழியிலயே போயி 1885ல வெறிநாய் கடிச்ச பையனுக்கு ஊசி போட்டாரு. கோழியில ஆரம்பிச்சி நாயில முடிச்சாரு. நீயும் அப்படித்தான் முடிக்கப் போற. பிராண்டினாலும் கடிச்சாலும் மஞ்சள் வைக்காத, சுண்ணாம்பு வைக்காத. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால்மணி நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு, இன்னிக்கு என்கிட்ட ஓடியாந்தியே அந்த வேகத்துல.

கூண்டுத் தாழ்ப்பாளை அந்தி சாயறப்பவே போட்டுடு. "நாய்தான் இருக்குதே, தாழ்ப்பாள் எதுக்கு?"ன்னு கேட்ட பாரு, இங்கதான் நீ இன்னும் சின்னப் பையன். எங்க வீட்டுக் கிழவி அம்பது வருஷமா என்னை நம்புறா. என்னை மாதிரி உண்டான்னு ஊரெல்லாம் சொல்றா. பெட்டிச் சாவி இன்னமும் அவ இடுப்புலதான் இருக்குது. நம்பிக்கை வேற, தாழ்ப்பாள் வேற. ரெண்டும் இருக்கிற வீட்டுலதான் சண்டை இல்ல.

கடைசியா ஒண்ணு. 1908லேர்ந்து 1918 வரைக்கும் பாரதியார் நம்ம புதுச்சேரியில இருந்தாரு. அவரோட பாப்பா பாட்டு உனக்குத் தெரியுமே? பாடாத, உன் குரலுக்கு நாய் ஓடிடும். மனசுக்குள்ள வரிசையா எண்ணு. அதுல கோழி வருது, நாயும் வருது. ஆனா அடுத்தடுத்தா வருதா? இல்ல. கோழிக்கும் நாய்க்கும் நடுவுல ஒரு காக்காயையும் ஒரு பசுவையும் நிறுத்தியிருக்கிறாரு. கவி நெனைச்சி வச்சாரோ, தன்னால அமைஞ்சதோ, கோழி வளர்க்கிறவனுக்கு அது பாடம். காக்கா பறந்துடும், அதை நம்பாத. பசு நிக்கும். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, வெயில்லயும் மழையிலயும் கோழிக்கும் நாய்க்கும் நடுவுல அவசரப்படாம அசைபோட்டுக்கிட்டு நிக்க ஒரு மாடு வேணும். ஏன் தொழுவத்தைத் திரும்பிப் பார்க்கிற? உன்னைத்தான் சொல்றன்.

சரி, எழுந்திரு. டீ குடிச்சாச்சில்ல? வைக்கோல்போருக்குப் பின்னால வா. சத்தம் போடாத. பார்த்தியா, அஞ்சு குட்டி. மார்கழியில போட்டது, மாசி மகத்தோட எட்டு வாரம் ஆவுது. தாயோட முதுகுல உட்கார்ந்திருக்கிறது என் வெள்ளைப் பெட்டை, அது தெனம் அங்கதான் வெயில் காயும். இதோ இந்த மண்ணு நிறத்துல இருக்குது பாரு, நேத்து இறகு கட்டி இழுத்தன், கொட்டாவி விட்டுச்சி. உனக்குன்னே பொறந்தது. ஆமா, அஞ்சையும் யார் தலையில கட்டுறதுன்னு ஒரு வாரமா யோசிச்சிக்கிட்டுத்தான் திண்ணையில உட்கார்ந்திருந்தன். அதுக்கென்ன இப்ப? சொன்ன யோசனை பொய்யா?

காசு எடுக்காத, காசை வேணாம்னு சொல்றன். நாய்க்கு நான் விலை வாங்குறவன் இல்ல. உன்கிட்டதான் ரெண்டு சேவல் இருக்குதே. பன்னெண்டு பெட்டைக்கு ஒண்ணு போதும், ரெண்டு இருந்தா சண்டைதான். அந்தச் செவலைச் சேவலைச் சாயந்திரம் கொண்டாந்து விட்டுடு. நாய் வந்ததால உன் கொல்லையில குறைஞ்ச முதல் கோழி அதுதான்னு கணக்குல எழுதிக்க. ஆனா பழியை நாய்மேல போட்டுடாத.